பன்னிரண்டுக்குக் கீழே

நாரஹேன்பிட்டி ஆய்வுகூடத்தில்
விலைப்பட்டியலை என் பக்கம் திருப்பி வைக்கிறாள் டில்ருக்‌ஷி.
ஒரே ஊசி, ஒரே குழாய் இரத்தம்,
இரண்டு விலை.

மலிவானது அறுநூறு வரைதான் பார்க்கும்.
அதற்குக் கீழே கிருமி இருந்தாலும்
இல்லை என்றுதான் எழுதும்.
மற்றது பன்னிரண்டு வரை இறங்கும்.
வித்தியாசம் பதினாலாயிரம் ரூபாய்.
"எது போடுற மிஸ்?"
சேலைக் கடையில் கேட்பதுபோல் கேட்கிறாள்.
என் பின்னால் டோக்கன் ஐம்பத்துமூன்று
செருமுகிறது.

வைகாசியில் என் கணக்கு
அறுபத்திரண்டு இலட்சம்.
ஒரு மில்லிலீற்றருக்குள்.
மேல் மாகாணம் முழுவதும்
சட்டி பானையோடு வந்து குடியேறியதுபோல்.
மூத்தவன் பிறந்த இரவில்
யாருடையதோ இரண்டு போத்தல் ஏற்றினார்கள்.
அதுதானா என்று கேட்டேன்.
இருக்கலாம் என்றார் டொக்டர் நவாஸ்தீன்.
இருக்கலாம் என்பதோடு
முப்பத்துமூன்று வருடம் சமைத்திருக்கிறேன்,
சம்பளம் எடுத்திருக்கிறேன்,
கால் வீங்கினால் நடை கூடிப்போச்சு என்றிருக்கிறேன்.

"முடிவிலை கட்டாயம் நுணுக்கமான டெஸ்ட் தான்.
இப்ப நாலாம் கிழமை, உங்கட விருப்பம்.
எது வந்தாலும் மருந்தை மாத்தப் போறேல்லை."

சற்குணராஜாவுக்கு அதில் சந்தேகமே இல்லை:
"மலிவாயும் இருக்கு, இல்லையெண்டும் வரும்.
பிறகென்ன?"

நான் ஆமர் வீதியில் அடகுக் கவுண்டரில் இருப்பவள்.
இருபத்தாறு வருடமாக
மற்றவர்களின் கழுத்தை நிறுக்கிறேன்.
தராசு பொய் சொல்லாது.
ஆனால் தனக்கு எட்டாததை
இல்லை என்று சொல்லிவிடும்,
கூசாமல், பச்சை வெளிச்சத்தில்.

முன்பிருந்த தராசுக்கு
அரைக் கிராமுக்குக் கீழே கண் தெரியாது.
முகத்துவாரத்திலிருந்து பெர்பெத்துவா வந்தாள்,
முழங்கையில் மீன் செதில் காய்ந்திருந்தது.
மூக்குத்தியைக் கழற்றித் தட்டில் வைத்தாள்.
பூச்சியம்.
துடைத்துவிட்டு மறுபடி வைத்தேன்.
பூச்சியம்.
"ஒண்டுமில்லை அக்கா."
வெறும் துளையை விரலால் தொட்டுக்கொண்டு,
கோபமில்லாமல்,
உண்மையாகவே தெரிந்துகொள்ள வேண்டும்போல் கேட்டாள்:
"அப்ப இவ்வளவு நாளும்
நான் என்னத்தைப் போட்டிருந்தேன்?"

அவளுக்கு நான் ஏதாவது சொல்லியிருக்க வேண்டும்.
சொல்லவில்லை.
அடுத்த ஆளைக் கூப்பிட்டேன்.

"மற்றது," என்கிறேன் டில்ருக்‌ஷியிடம்.
"கீழே இறங்குறது."

காசு ஏற்கெனவே கைப்பையில் இருக்கிறது.
காலையில் பொரளையில் வேறொரு வங்கியில்
கண்ணாடிக்கு மறுபக்கம் நின்று
வளையலைக் கழற்றினேன்.
சவர்க்காரம் போட வேண்டியிருந்தது.
அந்தப் பெடியன்
மூன்று தசமம் வரை வாசித்தான்.
நல்ல தராசு.

ஐந்தாம் நாள், நூற்றைம்பத்தைந்தாம் பஸ்ஸில்,
தொலைபேசியில் பதில் வந்தது.
கிருமி உண்டு.
பன்னிரண்டுக்குக் குறைவு.
அதற்குப் பிறகு இலக்கமே இல்லை.
பக்கத்து ஆசனப் பிள்ளை
வடை எண்ணெயைக் கம்பியில் துடைத்தது.
அறுபத்திரண்டு இலட்சத்தில்
எண்ணக்கூடியவர்கள் எல்லோரும் போய்விட்டார்கள்.
கடைசியாகக் கதவடைப்பவர்கள் போல
எங்கோ சிலபேர்.

இரவு அவர் கேட்டார்:
"அப்ப இருக்கா, இல்லையா?"
"இருக்கு. எண்ணத்தான் ஏலாது."
"இதுக்கா பதினாலாயிரம்?"
"இதுக்குத்தான்."

அவர் மின்விசிறியைக் கூட்டிவிட்டுப் படுத்தார்.
நான் முப்பத்துமூன்றாவது குளிசையை
அட்டையிலிருந்து தள்ளினேன்.
இன்னும் ஐம்பத்தொன்று.
மணிக்கட்டில் வளையல் இருந்த இடம் வெளிறிக் கிடந்தது.
மீட்கும் தவணையும் மார்கழியில்தான்,
கடைசி இரத்தமும் மார்கழியில்தான்.
இரண்டு துண்டையும்
ஒரே கிளிப்பில் போட்டு வைத்தேன்.